சம்பளத்தில் வரி குறைவாக வெட்டுப்பட்டிருந்தால் என்ன செய்வது?

2024 ஏப்ரல் கடைசியில், ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், எங்கள் கந்தோரின் கணக்குப் பிரிவிலிருந்து மூன்று வரியில் ஒரு மின்னஞ்சல் வந்தது. போன வருடம் என் சம்பளத்தில் வருமான வரி குறைவாக வெட்டுப்பட்டுவிட்டதாம். அந்த 20,736 ரூபாவையும் மே மாதச் சம்பளத்தில் ஒரேயடியாகக் கழிக்கப் போகிறார்களாம். ஏன் குறைந்தது, அந்தத் தொகை எப்படி வந்தது என்று ஒரு சொல்லும் இல்லை.

நான் இலங்கையின் கிழக்கே திருக்கோவில் பக்கம். அப்போது மட்டக்களப்பில் ஒரு என்ஜிஓ திட்டத்தில் வேலை செய்தேன். மாதச் சம்பளம் 180,000 ரூபா. கல்லடியில் வாடகை அறை, வீட்டுக்கு அனுப்பும் காசு, ஸ்கூட்டி லீசிங் எல்லாம் போனால் கையில் பெரிதாக ஒன்றும் நிற்காது. காசு போவதைவிட எனக்குப் பெரிய பயம் வேறு. அரசாங்கத்துக்குக் கட்டவேண்டிய வரியைக் கட்டாமல் விட்டவளாகிவிட்டேனே, பெயர் கெட்டுவிடுமே என்று இரண்டு இரவு தூங்கவில்லை. பக்கத்து வீட்டு மாமா ஓய்வுபெற்ற கணக்காளர். அவரிடம் போய்ச் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, "மகள், முதல்ல அவங்கட கணக்கக் கேளுங்க. காசப்பத்திப் பொறகு பேசலாம்" என்றார்.

அந்த வரிசையில்தான் இந்தக் கட்டுரையும் போகிறது. முதலில் கணக்கு, பிறகு கந்தோர், பிறகு வரி வாங்கும் உள்நாட்டு இறைவரித் திணைக்களம், கடைசியில் காசு. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இப்போது முதன்முறையாக வரி எல்லைக்குள் வரும் சம்பளம் எடுக்கும் பிள்ளைகள் பலர். வங்கி, வைத்தியசாலை, பல்கலைக்கழகம், என்ஜிஓ, ஆடைத் தொழிற்சாலை மேற்பார்வை என்று பல வேலைகளில் இருக்கிறார்கள். அவர்களுக்காக எழுதுகிறேன். ஒரு விஷயத்தை மட்டும் இப்போதே பிடித்துக்கொள்ளுங்கள். குறைந்துபோன வரி உங்களுடையது. அதைக் கட்டத்தான் வேண்டும். ஆனால் பிழை பெரும்பாலும் உங்களுடையதல்ல. அந்தப் பிழையால் வருகிற வட்டி, தண்டம், ஒரே மாதத்தில் சம்பளம் முழுதும் கரைகிற கஷ்டம் இதெல்லாம் தனிப் பேச்சு. இரண்டையும் ஒன்றாகக் குழைத்துப் பேச விடாதீர்கள்.

ஏன் இந்தப் பிழை இவ்வளவு வருகிறது

மாதாமாதம் சம்பளத்தில் வெட்டும் வருமான வரிக்கு இப்போது ஏபிஐடி என்று பெயர். முற்பணத் தனிநபர் வருமான வரி என்பது அதன் தமிழ். முன்பு சம்பளத்தில் வெட்டிய 'பே' (PAYE) வரி 2020 ஜனவரியில் நிறுத்தப்பட்டது. அந்த வருடம் ஏப்ரலில் ஏபிஐடி வந்தபோது ஊழியர் சம்மதித்தால்தான் வெட்டலாம் என்று இருந்தது. 2023 ஜனவரி 1 முதல் அது கட்டாயமானது. அப்போது வருடத்துக்கு 12 இலட்சம் ரூபா வரை வரி இல்லை. 2025 ஏப்ரல் 1 முதல் அந்த எல்லை 18 இலட்சம் ஆனது, வரிப் படிகளும் மாறின. ஐந்து வருடத்துக்குள் இத்தனை மாற்றம். சம்பளத்தை எக்ஸெல் தாளில் போடும் கந்தோர்களில், முன்னவர் எழுதி வைத்த சூத்திரத்தை அடுத்தவர் திறந்து பார்க்காமலே இழுத்துக்கொண்டு போவார். எங்கள் இடத்திலும் அதுதான் நடந்தது. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை.

வரி ஆண்டு ஏப்ரல் 1-ல் தொடங்கி அடுத்த மார்ச் 31-ல் முடியும். மதிப்பாண்டு என்று திணைக்களக் கடிதங்களில் வருவது இதுதான். 2025/26 என்றால் 2025 ஏப்ரலில் இருந்து 2026 மார்ச் வரை. சனவரியில் இருந்து டிசம்பர் என்று நினைத்துக் கணக்குப் போட்டால் எல்லாம் பிசகும்.

காகிதங்களை எடுத்து வையுங்கள்

அந்த மதிப்பாண்டின் பன்னிரண்டு சம்பளச் சிட்டைகளும் வேண்டும். சில கந்தோரில் சிட்டை தருவதே இல்லை, வங்கியில் காசு விழும், அவ்வளவுதான். அப்படியென்றால் இப்போதே எழுத்தில் கேளுங்கள். சம்பளம் விழும் கணக்கின் வங்கிக் கூற்றையும் எடுங்கள்.

அடுத்தது டி-10 சான்றிதழ். ஒரு மதிப்பாண்டில் உங்களுக்கு எவ்வளவு சம்பளம் தந்தார்கள், எவ்வளவு வரி வெட்டினார்கள் என்று தொழில்தருநர் கையெழுத்திட்டுத் தரும் தாள் அது. வருடம் முடிந்து ஏப்ரல் 30-க்குள் தரவேண்டும். நீங்கள் கேட்டால்தான் தருவோம் என்கிற கந்தோர்களும் உண்டு, கேளுங்கள். டி-10 இல்லாமல் திணைக்களத்தில் பேசுவது, கிளினிக் கொப்பி இல்லாமல் டொக்டரிடம் போவது மாதிரி.

மூன்றாவது, கந்தோர் அந்தக் குறை தொகைக்கு எப்படி வந்தது என்ற கணக்குத் தாள். மாதவாரியாக, எந்தத் தொகைக்கு எந்த வீதத்தில் வரி போட்டார்கள், சரியாக எவ்வளவு இருந்திருக்க வேண்டும், வித்தியாசம் எவ்வளவு என்று மூன்று நிரலும் இருக்கவேண்டும். நான் கேட்டபோது, "அது ஹெட் ஒபிஸ்ல செய்தது, எங்களிட்ட இல்ல" என்றார்கள். அங்கேயே நேராக மின்னஞ்சல் போட்டேன். நான்கு நாளில் வந்தது. தொகை மட்டும் சொல்லி விவரம் தராத எந்தக் கழிப்புக்கும் கையெழுத்து வைக்காதீர்கள்.

கணக்கை நீங்களே போடுங்கள்

இதற்குக் கணக்கியல் படித்திருக்கத் தேவையில்லை. ஓஎல் கணிதம் போதும்.

2025/26-க்கு வீதங்கள் இப்படி. வருட வருமானத்தில் முதல் 18 இலட்சத்துக்கு வரி இல்லை. அதற்கு மேல் வரும் முதல் 10 இலட்சத்துக்கு 6 வீதம். அடுத்த 5 இலட்சத்துக்கு 18 வீதம், அடுத்த 5 இலட்சத்துக்கு 24, அடுத்த 5 இலட்சத்துக்கு 30. மிச்சம் எல்லாவற்றுக்கும் 36 வீதம். 2023/24, 2024/25 ஆண்டுகளுக்குப் பழைய வீதம். 12 இலட்சம் கழித்து, பிறகு ஒவ்வொரு 5 இலட்சத்துக்கும் 6, 12, 18, 24, 30, மிச்சத்துக்கு 36. எந்த ஆண்டுப் பிரச்சினையோ அந்த ஆண்டு வீதத்தைத்தான் போடவேண்டும்.

மாதம் 250,000 ரூபா எடுக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். வருடத்துக்கு 30 இலட்சம். 18 இலட்சத்தைக் கழித்தால் 12 இலட்சம். அதில் 10 இலட்சத்துக்கு 6 வீதம் 60,000. மிச்சம் 2 இலட்சத்துக்கு 18 வீதம் 36,000. மொத்தம் 96,000, மாதத்துக்கு 8,000 ரூபா. சிட்டையில் 8,000 வெட்டுப்பட்டிருந்தால் சரி.

இப்போது எங்கள் கந்தோர் விட்ட பிழையை அதே ஆளுக்குப் போட்டுப் பார்ப்போம். ஊழியர் சேமலாப நிதிக்கு நம் சம்பளத்தில் 8 வீதம் வெட்டுவார்கள். சூத்திரம் எழுதியவர் அந்த 8 வீதத்தைக் கழித்துவிட்டு மிச்சத்துக்கு வரி போட்டிருந்தார். அது தவறு. நம்முடைய அந்த 8 வீதமும் வரிக்குரிய சம்பளத்துக்குள்தான் வரும். தொழில்தருநர் தன் பங்காகப் போடும் 12 வீதம்தான் நம் சம்பளக் கணக்குக்கு வெளியே நிற்கும். 250,000-ல் 8 வீதம் போனால் 230,000. வருடத்துக்கு 27 இலட்சத்து 60,000. 18 இலட்சம் போக 9 இலட்சத்து 60,000. அதற்கு 6 வீதம் 57,600, மாதம் 4,800. ஆக மாதாமாதம் 3,200 ரூபா குறைய, வருட முடிவில் 38,400 ரூபா கடனாக நிற்கும். கையில் கூட வந்த 3,200 ரூபா யாருக்கும் கண்ணில் படாது. அதனால்தான் இந்தப் பிழை வருடக்கணக்காக ஓடுகிறது.

என் கணக்கு 2023/24-க்குரியது, பழைய வீதம். 180,000-ல் 8 வீதம் 14,400. அதற்கு என் படியில் 12 வீதம் 1,728. பன்னிரண்டால் பெருக்கினால் 20,736. அவர்கள் சொன்ன தொகை சரிதான் என்று அன்றைக்குத்தான் எனக்கு நிம்மதி வந்தது. கடன் பெரிதோ சின்னதோ, ஏன் வந்தது என்று தெரிந்தால் பயம் பாதி போய்விடும்.

இதைவிடப் பெரிய பள்ளம் இரண்டு வேலை செய்கிறவர்களுக்கு. எங்கள் பக்கம் இது சாதாரணம். ஒரு நிறுவனத்தில் முழுநேர வேலை, அதோடு ஒரு கல்வி நிறுவனத்தில் வருகை விரிவுரை அல்லது இன்னொரு திட்டத்தில் பகுதிநேர ஆலோசகர். வரியற்ற 18 இலட்சம் ஒரு ஆளுக்கு ஒருமுறைதான். எது பிரதான வேலை என்று அறிவித்து, அந்த ஒரு இடத்தில் மட்டும் அதை எடுக்கவேண்டும். இரண்டாவது இடம் உங்களுக்கு வேறு வேலையே இல்லை என்று நினைத்து அங்கேயும் 18 இலட்சம் விட்டால் என்ன ஆகும்? முதல் வேலையில் 200,000, இரண்டாவதில் 100,000 என்று வையுங்கள். முதல் இடம் மாதம் 3,000 வெட்டும், வருடத்துக்கு 36,000. இரண்டாவது இடம் ஒன்றும் வெட்டாது. ஆனால் இரண்டும் சேர்ந்து 36 இலட்சம். 18 இலட்சம் போக மிச்சம் 18 இலட்சத்துக்கு 60,000, 90,000, 72,000 என்று மொத்தம் 222,000 ரூபா வரி. குறை 186,000 ரூபா! ஒரு மாதச் சம்பளத்துக்குக் கிட்ட. இரண்டாவது வேலையில் சேரும் நாளே, 'எனக்குப் பிரதான வேலை வேறு இடத்தில் உள்ளது' என்று எழுதிக் கொடுத்து ஒரு பிரதி வைத்திருங்கள். எழுதிக் கொடுத்தும் அவர்கள் வெட்டாமல் விட்டிருந்தால் பிழை யாருடையது என்று காட்ட அந்தப் பிரதி உதவும். நீங்கள் சொல்லாமல் விட்டிருந்தால் அந்தப் பங்கை நீங்கள் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

கொடுப்பனவுகள் கணக்கில் விடுபடுவதும் உண்டு. மாதாமாதம் நிலையாகத் தரும் போக்குவரத்துக் கொடுப்பனவு, தொலைபேசிக் கொடுப்பனவு எல்லாம் சம்பளத்தோடு சேர்ந்து வரிக்கு வரும். கந்தோர் வேலைக்காக நீங்கள் கைக்காசு செலவழித்து, பில் கொடுத்துத் திரும்ப எடுக்கும் பணம் வருமானம் இல்லை. வெல்லாவெளிக்கோ வாகரைக்கோ கள வேலைக்குப் போய் பில் போட்டு எடுத்த எரிபொருள் காசையும் சம்பளத்தோடு கூட்டி யாராவது வரி கேட்டால், அதைச் சுட்டிக்காட்டுங்கள்.

பிழை எந்த இடத்தில் நடந்தது?

இதைப் பிரிக்காமல் காசு கட்டினால் ஒரே வரியை இரண்டு தடவை கட்ட நேரிடும்.

சிட்டையில் வெட்டியதே குறைவு என்றால், இதுவரை சொன்ன வகை. அந்தக் குறை உங்கள் கடன். வெட்டத் தவறிய தொழில்தருநருக்கும் சட்டத்தில் பொறுப்பு உண்டு, ஆனால் அதனால் உங்கள் பொறுப்பு இல்லாமல் போகாது.

சிட்டையில் சரியாக வெட்டியிருக்கிறார்கள், ஆனால் திணைக்களத்துக்குப் போய்ச் சேரவில்லை என்றால் கதை வேறு. வெட்டிய காசை அடுத்த மாதம் 15-ம் திகதிக்குள் அனுப்புவது தொழில்தருநரின் கடமை. உங்களிடம் வெட்டிய வரி உங்களுக்கு வரவு வைக்கப்படவேண்டிய காசு. அதைத் திரும்ப உங்களிடம் கேட்பதற்கு இடம் கொடுக்காதீர்கள். பன்னிரண்டு சிட்டையும் வங்கிக் கூற்றும் இங்கேதான் உயிர். இவ்வளவு நாளும் சிட்டையை வாங்கிப் பார்த்துவிட்டுக் கிழித்துப் போட்டவர்கள் இனியாவது ஒரு கோவையில் போடுங்கள்.

அனுப்பியும் விட்டார்கள், ஆனால் வேறு ஆளின் டின் இலக்கத்தில் விழுந்துவிட்டது என்பது மூன்றாவது. டின் என்பது வரி செலுத்துநர் அடையாள இலக்கம். அதில் ஒரு இலக்கம் மாறினாலும் உங்கள் கணக்கில் வெறுமை தெரியும். கந்தோர் எழுதித் திருத்தினால் முடிகிற காரியம்.

அந்த மின்னஞ்சலில் 'குறைவாகக் கழிக்கப்பட்டுள்ளது' என்று இருந்ததா, 'குறைவாகச் செலுத்தப்பட்டுள்ளது' என்று இருந்ததா என்று ஒருதடவை கவனமாகப் படியுங்கள். முன்னது உங்கள் கடனைப் பற்றியது, பின்னது அவர்கள் கடமையைப் பற்றியதாக இருக்கலாம்.

கந்தோரோடு பேசுவது

எல்லாம் எழுத்தில். வாயால் எவ்வளவு நல்லமாகப் பேசினாலும், அன்று பின்னேரமே 'இன்று நாம் பேசியது இது' என்று ஒரு மின்னஞ்சல் போட்டு வையுங்கள். சண்டை தேவையில்லை. கணக்குப் பிரிவில் இருப்பவரும் நம்மைப் போல மாதச் சம்பளக்காரர்தான். எங்கள் கந்தோரில் அந்த வேலையைப் பார்த்த தம்பி என்னைவிட இளையவர், வேலைக்கு வந்து ஏழு மாதம். அவரைத் திட்டியிருந்தால் என் கணக்குத் தாள் இன்னும் பிந்தியிருக்கும்.

நான் அனுப்பிய கடிதத்தின் சாரம் இது: 'குறைந்த வரி 20,736 ரூபா என்பதைக் கணக்குப் பார்த்து ஒப்புக்கொள்கிறேன். இந்தக் குறை சம்பளக் கணக்கில் ஏற்பட்ட பிழையால் வந்தது, எனது அறிவித்தலால் அல்ல என்பதை எழுத்தில் உறுதிப்படுத்தவும். ஒரே மாதத்தில் கழிப்பதற்கு எனது சம்மதம் இல்லை. இதனால் வட்டியோ தண்டமோ வந்தால் அதை நிறுவனம் பொறுப்பேற்குமா என்று தெரிவிக்கவும்.' நான்கு வசனம், அதற்குமேல் ஒன்றும் எழுதவில்லை. மூன்றாவது வசனம்தான் என்னைக் காப்பாற்றியது. மே மாதச் சம்பளம் முழுதாக வந்தது.

மதிப்பாண்டு முடியாமல் இருக்கும்போதே பிழை தெரிந்தால் இலகு. மார்ச் வரை இருக்கும் மாதங்களுக்குப் பிரித்து வெட்டச் சொல்லலாம். டிசம்பரில் தெரிந்தால் நான்கு சம்பளம் இருக்கிறது. டி-10-ம் சரியாகவே வரும்.

ஆண்டு முடிந்த பிறகு தெரிந்தால் இரண்டு வழி. கந்தோரே உங்களிடம் வெட்டி அனுப்பி, திருத்திய டி-10 தரலாம். அல்லது நீங்களே விவரத்திரட்டில் (வருட வருமானத்தையும் வரியையும் எழுதித் திணைக்களத்துக்குக் கொடுக்கும் படிவம்) காட்டி நேராகக் கட்டலாம். நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். என்னோடு வேலை செய்த இருவர் கந்தோரையே வெட்டி அனுப்ப விட்டார்கள். காசு போனது, ஆனால் பழைய ஆண்டுக்குப் போகாமல் நடப்பு ஆண்டில் போய் விழுந்தது. அதைத் திருத்தி எடுக்க அவர்கள் மாதக்கணக்கில் அலைந்தார்கள். நானே கட்டியதில் பற்றுச்சீட்டு என் கையில், ஆண்டும் என் கண் முன்னால் எழுதியது.

நல்ல மனதோடு சில நிறுவனங்கள், 'எங்கள் பிழை, குறை வரியை நாங்களே கட்டுகிறோம்' என்று சொல்லும். பெரிய உதவி. ஆனால் உங்கள் வரியை அவர்கள் தங்கள் காசில் கட்டினால் அதுவும் உங்களுக்குக் கிடைத்த சம்பள வருமானமாகவே எண்ணப்படும், அதற்கும் வரி உண்டு. அதையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று. சூத்திரப் பிழை என்றால் அது உங்கள் பெயருக்கு மட்டும் இருக்காது, அந்தத் தாளில் உள்ள எல்லோருக்கும் இருக்கும். கூட வேலை செய்பவர்களிடம் கேளுங்கள். சம்பளம் எவ்வளவு என்று சொல்ல நம் ஆட்களுக்குக் கூச்சம், அது தேவையில்லை. 'உங்களுக்கும் மின்னஞ்சல் வந்ததா?' என்று கேட்டால் போதும். எங்களில் ஐந்து பேர் சேர்ந்து கையெழுத்து வைத்த பிறகுதான் ஹெட் ஒபிஸில் இருந்து பதில் வேகமாக வந்தது.

திணைக்களத்துக்குப் போவது

உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் தலைமையகம் கொழும்பு 2-ல், சேர் சிற்றம்பலம் ஏ. காடினர் மாவத்தையில் உள்ளது. அதற்காகக் கொழும்பு ரயில் ஏறத் தேவையில்லை. மட்டக்களப்பில் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. கல்முனை, அக்கரைப்பற்று, பொத்துவில் பக்கம் உள்ளவர்கள் ஏ-4 வீதியால் பஸ்ஸில் வந்து போகலாம். பொத்துவிலில் இருந்து வருவதென்றால் ஒரு நாள் லீவு எடுக்கத்தான் வேண்டும். அதனால் முதலில் திணைக்களத்தின் 1944 தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்து, உங்கள் விஷயத்துக்கு என்னென்ன கொண்டு வரவேண்டும் என்று கேட்டுவிட்டு வாருங்கள்.

தமிழில் பேசுங்கள், தமிழில் எழுதுங்கள். வடக்கு கிழக்கில் தமிழ் நிர்வாக மொழி, அது நமக்குச் சட்டம் தந்த உரிமை. வரிச் சொற்கள் ஆங்கிலத்தில் வந்து விழும்போது பலர் புரிந்த மாதிரித் தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறார்கள். தலையாட்டாதீர்கள், 'சேர், இன்னொருக்காச் சொல்லுங்க' என்று கேளுங்கள். நான் போனபோது கவுண்டரில் இருந்த மிஸ் ஒரு வெள்ளைத் தாளில் எழுதியே காட்டினார்.

டின் இலக்கம் இல்லாதவர்கள் முதலில் அதை எடுக்கவேண்டும். திணைக்களத்தின் இணையத்தளத்திலேயே பதியலாம். அடையாள அட்டைப் பிரதியைத் தயாராக வைத்திருங்கள். 2024 தொடக்கத்திலிருந்து 18 வயதுக்கு மேற்பட்டவர்கள் பதிய வேண்டும் என்று வந்ததால் பலரிடம் இலக்கம் ஏற்கெனவே இருக்கும். இணையத்தில் விவரத்திரட்டுப் போடக் கடவுச்சொல்லும் எடுக்கவேண்டும். கடைசி வாரத்தில் எல்லோரும் ஒன்றாக உள்ளே போகும்போது தளம் மெதுவாகும், அதனால் ஒக்டோபரிலேயே முடியுங்கள்.

சம்பளத்தைத் தவிர வேறு வருமானம் இல்லாமல், அதில் வரியும் சரியாக வெட்டுப்பட்டிருந்தால் தனியாகக் கட்ட ஒன்றும் இருக்காது. குறைந்திருப்பதால்தான் இந்த வேலை. விவரத்திரட்டு போடும்போது எல்லா வருமானத்தையும் காட்டவேண்டும். நிலையான வைப்பின் வட்டி, வீட்டு வாடகை, வயலில் வரும் பங்கு எல்லாம் அதில் வரும். வட்டிக்கு வங்கி முற்கூட்டி வெட்டிய வரியும் உங்கள் வரவுதான், அந்தச் சான்றிதழையும் வங்கியில் கேட்டு எடுங்கள். சிலருக்கு அதனாலேயே குறை கொஞ்சம் குறையும்.

திகதியும் காசும்

ஒரு மதிப்பாண்டின் வரியில் மிச்சம் இருப்பதைக் கட்டும் கடைசி நாள், ஆண்டு முடிந்து வரும் செப்டெம்பர் 30. விவரத்திரட்டைக் கொடுக்கும் கடைசி நாள் நவம்பர் 30. இந்த இரண்டையும் பலர் குழப்பிக்கொண்டு, நவம்பரில் இரண்டையும் சேர்த்துச் செய்யலாம் என்று இருந்துவிடுகிறார்கள். அதற்குள் வட்டி ஓடத் தொடங்கியிருக்கும்.

வட்டி மாதத்துக்கு 1.5 வீதம். மாதத்தில் ஒரு நாள் பிந்தினாலும் ஒரு மாதமாகவே எண்ணுவார்கள். 38,400 ரூபாவுக்கு அது மாதம் 576 ரூபா. தாங்கலாம். தண்டப்பணம் அப்படியல்ல. கடைசி நாளிலிருந்து 14 நாளுக்குள்ளும் கட்டாவிட்டால், கட்டாத வரியின் 20 வீதம் வரை போகும். விவரத்திரட்டையே கொடுக்காமல் விட்டால் 50,000 ரூபாவும், பிந்தும் ஒவ்வொரு மாதத்துக்கும் 10,000-மும் என்ற கணக்கு வந்து நிற்கும். வரியின் வீதப்படி வரும் தொகை அதைவிடக் கூட என்றால் அதுதான். மேல் எல்லை 400,000. 20,000 ரூபாக் கடனுக்குப் பயந்து கடிதத்தைத் திறக்காமல் மேசையில் வைத்திருப்பவருக்கு வருகிற செலவு இது. அதனால் காசு இல்லாவிட்டாலும் விவரத்திரட்டை நேரத்துக்குக் கொடுத்துவிடுங்கள்.

நான் மே முதல் ஓகஸ்ட் வரை மாதம் 5,184 ரூபாவை வேறு கணக்கில் ஒதுக்கி வைத்து, செப்டெம்பர் முதல் வாரத்தில் முழுதாகக் கட்டினேன். வட்டி ஒரு சதமும் வரவில்லை. ஏப்ரலில் தெரிந்ததால் எனக்கு ஐந்து மாதம் கிடைத்தது. பழைய ஆண்டுகளின் பிழை இப்போது தெரியவந்தால் அந்த வசதி இருக்காது, வட்டி ஏற்கெனவே ஏறியிருக்கும். அப்படியானவர்கள் திணைக்களத்திடம் தவணை முறையில் கட்ட எழுத்தில் அனுமதி கேட்கலாம். தண்டத்தைக் குறைக்கும்படியும் கேளுங்கள். பிழை தங்களுடையது என்று கந்தோர் தந்த கடிதத்தை அதோடு இணையுங்கள். அந்த ஒரு கடிதத்துக்காகத்தான் நான் முன்னே அவ்வளவு வற்புறுத்திச் சொன்னேன். தவணை கிடைத்தாலும் வட்டி நிற்காது, முடிந்தவரை சீக்கிரம் முடியுங்கள்.

கட்டும்போது மூன்றைச் சரிபாருங்கள்: டின் இலக்கம், வரி வகை, மதிப்பாண்டு. ஆண்டு மாறினால் காசு இருந்தும் கடன் இருக்கும். கட்டிய பற்றுச்சீட்டைப் போட்டோகொப்பி எடுங்கள், கைபேசியில் படமும் எடுங்கள். சில பற்றுச்சீட்டின் எழுத்து ஒரு வருடத்தில் மங்கிப்போகிறது. இந்தக் கோவையை ஐந்து வருடமாவது வைத்திருக்கவேண்டும்.

திணைக்களம் வரி மதிப்பீட்டு அறிவித்தல் அனுப்பி, அதில் உள்ள தொகை உங்கள் கணக்கோடு ஒத்துவராவிட்டால், 30 நாளுக்குள் ஆணையாளர் நாயகத்திடம் மீளாய்வு கேட்கலாம். அந்த 30 நாளைத் தவறவிடாதீர்கள். ஊர் விலாசத்தைக் கொடுத்துவிட்டு மட்டக்களப்பில் வாடகைக்கு இருப்பவர்கள் வீட்டில் சொல்லி வையுங்கள். திருக்கோவிலில் அம்மா ஒரு நீளக் கடித உறையைக் கரண்ட் பில்லோடு சேர்த்து அலமாரியில் வைத்துவிட்டார். நல்லகாலம், அது வெறும் டின் பதிவுக் கடிதம்.

வேலையை விட்டுப் போகும்போது

இங்கே என்ஜிஓ வேலை செய்பவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்லவேண்டும். திட்டம் இரண்டு வருடம், மூன்று வருடம். முடிந்தால் மட்டக்களப்புக் கந்தோரைப் பூட்டிவிட்டு, கோவைகளைப் பெட்டியில் கட்டிக் கொழும்புக்கு அனுப்பிவிடுவார்கள். சம்பளம் போட்டவர் வேறு நிறுவனத்துக்குப் போயிருப்பார். அதற்குப் பிறகு ஒரு டி-10 கேட்டு எடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும். கடைசிச் சம்பளத்தோடு, அந்த ஆண்டில் நீங்கள் வேலை செய்த மாதங்களுக்கான டி-10-ஐயும், பழைய ஆண்டுகளுக்கான டி-10-களையும் கையில் வாங்கிக்கொண்டு, சேவைச் சான்றிதழில் கையெழுத்து வாங்கும் அதே நாளில் ஒரு தடவை கூட்டிப் பாருங்கள். கணக்கு ஒத்துவராவிட்டால், அதைச் சொல்ல அந்த மேசையில் அப்போது ஒரு ஆள் இருப்பார்.